நடு மூட்டையில் ஒரு பிடி

1

என் இணையப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஊரில் பலர் என்னைத் திட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் என்ன நடந்தது என்று முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கும் கோபம் இருக்கிறது. உங்கள் கோபத்தைவிட அது கொஞ்சம் பழையது.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் போடிநாயக்கனூர்க்காரன். வேதியியல் படித்துவிட்டு ஊரிலேயே ஓர் ஏலக்காய்க் கமிஷன் கடையில் சாம்பிள் எடுக்கும் வேலையில் இருந்தேன். பிறகு கொச்சியில் ஓர் ஆய்வகம், பிறகு துபாய், கடைசியாக ஜெர்மனி. ஹாம்பர்க் துறைமுகத்துக்குப் பக்கத்தில், வாசனைச் சரக்கு இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் தரம் பார்க்கும் வேலை. வந்த சரக்கில் பூச்சிமருந்து எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்த்து, உள்ளே விடலாம் அல்லது திருப்பி அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட வேண்டும். என் மனைவி மீனா போடிக்காரிதான். மகள் இனியா கொச்சியில் பிறந்து, துபாயில் வளர்ந்து, இங்கே பத்தாம் வகுப்பு படிக்கிறாள். போடியை அவள் விடுமுறையில் மட்டும் பார்த்திருக்கிறாள், அதுவும் பாதி நேரம் போனுக்குள்.

போன வருடம் எங்கள் ஆய்வகத்தைச் செலவு குறைந்த வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். சரக்கு மாறவில்லை, கப்பல் மாறவில்லை, நாங்கள்தான் மாற வேண்டியிருந்தது. கேக் வெட்டி அனுப்பிவைத்தார்கள். ஒரு மாதம் கழித்து வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. குறிப்பிட்ட தேதிக்குள் என் படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்காவிட்டால் இருப்புரிமை முடியும், குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். கடைசி வரி, ‘நட்பான வாழ்த்துகளுடன்’. இங்கே எல்லாக் கடிதமும் அப்படித்தான் முடியும் என்று இனியா சமாதானம் சொன்னாள். போ வெளியே என்று சொல்லிவிட்டு நட்பு வேறு எதற்கு என்று கேட்டேன். அவளுக்கு அடுத்த வருடம் பள்ளித் தேர்வு. அந்தக் கடிதத்தில் அவள் பெயரும் இருந்தது.

நிரந்தர உரிமைக்கு மொழித்தேர்வு எழுத வேண்டும். ஒருமுறை எழுதித் தோற்றேன். மறுமுறை எழுதுவதற்குள் வேலை போய்விட்டது. இதைச் சொல்லும்போதே எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. ஏலக்காயில் இருக்கிற மருந்தின் பெயரையெல்லாம் அவர்கள் மொழியில் சரளமாகச் சொல்லுவேன். தேர்வில், பக்கத்து வீட்டாரின் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை எழுதச் சொன்னார்கள். அதில்தான் போனது.

2

வேலைவாய்ப்பு அலுவலகம் என்னை ஒரு பயிற்சிக்கு அனுப்பியது. பயிற்சி தருகிற ஆலோசகர் அம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். நல்லவர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். முதல் நாளே நான் அவரை ‘நீங்கள்’ என்று கூப்பிட வேண்டிய இடத்தில் ‘நீ’ என்று கூப்பிட்டுவிட்டேன். அறையில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஊரில் ஜீப் கழுவுகிற பையனைக்கூட வாங்க போங்க என்று பேசுகிறவன் நான். இந்த மொழி என்னை மரியாதை கெட்டவனாக்கி வைத்திருக்கிறது.

ஆலோசகர் சொன்னது இதுதான். வெறும் சுயவிவரம் இனி செல்லாது. வேலை கொடுக்கிறவர்கள் இணையத்தில் தேடுவார்கள். அங்கே உங்களுக்கென்று ஒரு பக்கம் இருக்க வேண்டும். செய்த வேலையின் மாதிரிகள், படங்கள், உங்கள் கதை. அதற்குப் பெயர் போர்ட்ஃபோலியோ. ஓவியர்களுக்கும் கட்டடம் வரைகிறவர்களுக்கும்தானே அது என்று கேட்டேன். இப்போது எல்லோருக்கும்தான் என்றார்.

நான் முதல் வேலைக்குச் சேர்ந்தபோது கடைக்காரர் என் முன்னால் ஒரு தட்டில் காயைக் கொட்டி, எது புதுக்காய், எது போன பருவத்துக் காய் என்று பிரிக்கச் சொன்னார். பிரித்தேன். நாளையிலிருந்து வா என்றார். எனக்கு என்ன கனவு, எதில் ஆர்வம், ஐந்து வருடத்தில் எங்கே இருப்பேன் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. ஐந்து வருடத்தில் நான் எங்கே இருந்தால் அவருக்கு என்ன?

3

பக்கத்தை இனியாதான் கட்டிக்கொடுத்தாள். இலவசமாகக் கிடைக்கிற வார்ப்புரு ஒன்றை எடுத்து, அதில் இருக்கிற கட்டங்களை நிரப்பினால் போதும். ‘நான் யார்?’ ஒரு கட்டம். ‘என்னை இயக்குவது எது?’ இன்னொரு கட்டம். வெளிநாட்டவர் அலுவலகம்தான் என்னை இயக்குகிறது என்று எழுதச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

முதலில் படம் எடுத்தோம். பலகணியில் என்னை நிறுத்தி, கையைக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். நான் கையைக் கட்டியதும் தலை தானாகக் குனிந்துவிட்டது. போடியில் கையைக் கட்டி நிற்பது அடங்கி நிற்பதற்கு. வாத்தியார் முன்னால், மாமனார் முன்னால், கோவில் பூசாரி முன்னால் அப்படி நிற்போம். இங்கே அதே கையைக் கட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினால் அது தன்னம்பிக்கையாம். திரும்பத் திரும்ப எடுத்தாள். எல்லாப் படத்திலும் நான் லேட்டாக வந்து மாட்டிக்கொண்ட குமாஸ்தா மாதிரி இருந்தேன். கடைசியில் கையைத் தொங்கவிட்டு முறைத்துக்கொண்டு நின்ற படம்தான் தேறியது. மீனா அதைப் பார்த்துவிட்டு, “இதுதான் நெசம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

‘நான் யார்?’ கட்டத்தை இனியா என்னைக் கேட்காமலே நிரப்பியிருந்தாள். மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னேன். ஏலக்காய் மலையின் ஏழைக் கூலித் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, வெறுங்காலோடு பள்ளிக்கு நடந்து, இன்று ஐரோப்பாவின் உணவைப் பாதுகாக்கிறேனாம். மேலே ஒரு படம் வேறு. முதுகில் கூடையோடு பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். அது தேயிலைத் தோட்டம்.

எனக்கு வந்த கோபத்தில் மடிக்கணினியை மூடிவிட்டேன். என் அப்பாவுக்குப் போடிக்குக் கீழே கிணற்றோடு நிலம் இருந்தது. தென்னையும் மக்காச்சோளமும் போட்டார். எனக்கு இரண்டு ஜோடி செருப்பு இருந்தது. விடிவதற்கு முன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வளைவுகளில் குலுங்கிக்கொண்டு மேலே போய்க் காய் எடுக்கிற பெண்கள் உண்டு. அது அவர்கள் பட்ட பாடு. அதை எடுத்து என் சட்டைப் பையில் குத்திக்கொள்ள எனக்கு என்ன உரிமை? இதையெல்லாம் அவளிடம் கத்தினேன்.

“அப்பா, இங்க எல்லாருக்கும் அந்த மாதிரி ஸ்டோரிதான் பிடிக்கும். உங்களுக்கு வேலை வேணுமா, வேண்டாமா?” என்றாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. அவள் பயந்துபோயிருந்தாள். தோழிகளையும் பள்ளியையும் விட்டுவிட்டு, தெரியாத ஊருக்குப் போய் எழுதத் தெரியாத மொழியில் படிக்க வேண்டியிருக்குமோ என்ற பயம். அதற்காக என் அப்பாவைக் கூலியாக்கிவிட்டாள். அந்தக் கட்டத்தை அழிக்கச் சொன்னேன். அழித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். கட்டம் வெகுநாள் காலியாகவே கிடந்தது.

4

வேலை மாதிரிகளை நானே போட்டேன். இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். போடிக்காரனைத் தவிர வேறு யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள்.

போடி ஏல மையத்தில் இப்போது எல்லாம் கணினி. விலை திரையில் ஓடுகிறது, வியாபாரிகள் பொத்தானை அமுக்குகிறார்கள். ஆனால் சாம்பிள் மட்டும் இன்றும் கையில்தான் வருகிறது. சின்னப் பொட்டலத்தில் வரும் அந்தக் கொஞ்சம் காயைத் தட்டில் கொட்டி, உருட்டி, முகர்ந்து பார்த்துத்தான் மொத்த மூட்டைக்கும் விலை சொல்கிறார்கள். அந்தப் பொட்டலத்துக்குக் காய் எடுப்பதுதான் அன்று என் வேலை. மூட்டையின் வாயில் எடுக்கக் கூடாது. முழங்கை முங்கும்வரை கையை விட்டு, நடுவிலிருந்து எடுக்க வேண்டும். பெரிய காய், சின்னக் காய், வெடித்தது, வெளுத்தது, கையில் எது வருகிறதோ அதுதான் சாம்பிள். நல்ல காயாகப் பொறுக்கிப் பொட்டலம் கட்டினால் அன்றைக்கு விலை கிடைக்கும். சரக்கு கைமாறும்போது வியாபாரி மூட்டையைக் கவிழ்த்துவிடுவான். அதற்குப் பிறகு ஒன்றாக வந்த அந்த மூட்டைகளுக்கு, அந்த லாட்டுக்கு மட்டுமல்ல, அந்த ஆளுக்கே விலை கிடையாது.

வேலையின் மாதிரி என்று ஆலோசகர் சொன்னதும் எனக்கு இந்த மாதிரிதான் நினைவுக்கு வந்தது. நடுவில் கையை விட்டு எடுத்தேன். நான் கண்டுபிடித்த கலப்படம் ஒன்று. திருப்பி அனுப்பிய லாட் ஒன்று. நல்ல சரக்கை அநியாயமாகச் சந்தேகப்பட்டு நிறுத்திவைத்து, பிறகு மன்னிப்புக் கேட்டு உள்ளே விட்டது ஒன்று. சரி என்று நான் விட்டு, வாங்கினவர் ஆய்வகத்தில் மாட்டிக்கொண்டது ஒன்று. எல்லாவற்றுக்கும் படம் போட்டு, எங்கே பார்வை தவறியது, பிறகு எப்படித் திருத்திக்கொண்டேன் என்று எழுதினேன். நிறுவனங்களின் பெயரை மறைத்துவிட்டேன்.

ஆலோசகர் அதைக் கடைசிவரை படித்தார். பிறகு மெதுவாக, இது போர்ட்ஃபோலியோவா, போலீசில் கொடுக்கிற வாக்குமூலமா என்று கேட்டார். சிறந்ததை மட்டும் போட வேண்டும், மற்றதை யாராவது கேட்டால் மட்டும் சொல்லலாம் என்றார். நான் சாம்பிள் பற்றி விளக்கினேன். மேலே நல்ல காயைப் பரப்பி வைப்பதற்கு எங்கள் ஊரில் பெயர் மோசடி என்றேன். இங்கே அதற்குப் பெயர் வடிவமைப்பு என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு பட்டியலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தவர், திருப்பி அனுப்பிய லாட்டில் நின்றார். சரக்கு வந்த இடம் போடிமெட்டு என்று அதில் இருந்தது. நீங்கள் பிறந்தது இதன் அடிவாரம்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. சொந்த ஊர்ச் சரக்கையே திருப்பி அனுப்பிய அதிகாரி! இதுதான் உங்கள் கதை, இதை முதலில் போடுங்கள், படத்தைப் பெரிதாக்குங்கள், மற்றதை எடுத்துவிடுங்கள் என்றார்.

எடுக்க மாட்டேன் என்று அங்கேயே சண்டை போட்டேன். வீட்டுக்கு வந்து கடிதத்தில் இருந்த தேதியைப் பார்த்தேன். மற்றதை எடுக்கவில்லை, கீழே தள்ளினேன். அந்த லாட்டை முதலில் வைத்தேன். படத்தைப் பெரிதாக்கினேன்.

5

அந்த லாட்டின் கதையை நீங்கள் பாதிதான் கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் நிறுவனம், இடைத்தரகர் இல்லாமல் விவசாயிகளிடமே நேரடியாக வாங்கலாம் என்று ஒரு திட்டம் போட்டது. போடிமெட்டுப் பக்கம் சின்னத் தோட்டக்காரர்கள் சிலர் சேர்ந்து சரக்கு அனுப்பினார்கள். அதில் என் மச்சான் பாண்டியும் ஒருவன். பாண்டி மீனாவின் அண்ணன். எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பெஞ்சுத் தோழன். மலையில் தோட்டமும் காய் காயவைக்கிற ஸ்டோரும் வைத்திருக்கிறான். சரக்கு வந்தது, பார்த்தேன், மருந்து அளவு எக்கச்சக்கமாக இருந்தது. திருப்பி அனுப்பக் கையெழுத்துப் போட்டேன். திட்டமும் அதோடு மூடியது. யார் கையெழுத்து என்று வெளியே சொல்லக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. ஊரில் நீங்கள் எல்லோரும் வெள்ளைக்காரனைத் திட்டினீர்கள். பாண்டியும் போனில் என்னிடமே திட்டினான்.

படத்தில் மூட்டையின் மேல் இருந்த எழுத்தையெல்லாம் மங்கலாக்கிவிட்டுத்தான் பக்கத்தில் போட்டேன். எழுத்தைப் பார்த்தவன் நூலைப் பார்க்கவில்லை. மேலேயிருந்து வருகிற ஜீப்பில் பல ஸ்டோர்களின் மூட்டை கலந்து வரும். இறக்கும்போது குழம்பாமல் இருக்க, ஒவ்வொரு ஸ்டோருக்கும் மூட்டை வாய் தைக்க ஒரு நிறத்தில் நூல். பாண்டிக்கு நீலம். ஹாம்பர்க்கில் அது வெறும் நூல். போடியில் அது பெயர்ப்பலகை. படத்தில் நீலம் பளிச்சென்று இருந்தது.

அப்பாவின் பக்கம் அழகாக வந்திருக்கிறது என்ற பெருமையில், இனியா அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். மறுநாள் மதியம் பாண்டி கூப்பிட்டான்.

“மாப்ளே, அந்த மூட்டைப் படத்த எடுத்துரு.”

எந்த மூட்டை என்று கேட்டேன். கேட்கும்போதே புரிந்துவிட்டது.

“நீல நூலு போட்ட மூட்டை. கையெழுத்துப் போட்டது நீயா?”

“நாந்தான் மச்சான்.”

பின்னால் லாரிச் சத்தம் கேட்டது. அவன் கடைவீதியில் நின்றுகொண்டிருந்தான்.

“இன்னைக்கி ஏலத்துல என் சாம்பிள் வந்ததும் ரெண்டு வியாபாரிக ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துச் சிரிக்கிறாய்ங்க. நீ அங்கன சோறு திங்கிறதுக்கு என் மூட்டைதான் கெடச்சுதா?”

எனக்கும் சுர்ரென்று ஏறிவிட்டது. மருந்தடித்துக் காயவிடாமல் உடனே காய் எடுக்கச் சொன்னது யார் என்று கேட்டேன். அந்தச் செடிக்குள் நுழைந்து நாளெல்லாம் குனிந்து எடுக்கிற பொம்பளைகளுக்கு மூக்கு இல்லையா, தோல் இல்லையா என்று கேட்டேன். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“அடிக்காம விட்டா காய்ல சொறி விழுகும். சொறிக்காய எவன் வாங்குவான்? நீ வாங்குவியா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

அன்றிலிருந்து குழுவில் என்னைப் பற்றிப் பேசினீர்கள், பிறகு நான் இல்லாத வேறு குழு தொடங்கிப் பேசினீர்கள். உறவைக் காட்டிக்கொடுத்தவன், மண்ணை விற்றவன். எல்லாம் என் காதுக்கு வந்தது. மூட்டைப் படத்தை வெளியே காட்டியதற்கு அத்தனை பேருக்கும் ரோசம் வந்தது. மூட்டைக்குள் இருந்ததைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேவாரத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப் ஏறிப் போகிற அந்தப் பெண்களில் பலர் உங்கள் தெருவில்தான் இருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் சரக்கு திரும்பி வந்தபோதும் யாரும் கேட்கவில்லை. என் கோபம் பழையது என்று சொன்னேனே, அது இதுதான்.

6

பாண்டி போன் செய்த வாரமே, அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெரிய நிறுவனம் என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. ஆலோசகர் போனில் குதித்தார். மீனா என் சட்டையை இஸ்திரி போட்டாள். அண்ணன் அவளோடும் பேச்சை நிறுத்தியிருந்தான்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஏலக்காய். பெரியது, கரும்பச்சை, ஒரு புள்ளி கிடையாது. என் பக்கத்தை வெகுவாகப் பாராட்டினார்கள். பிறகு நடுவில் இருந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார். உங்கள் ஆட்களை உங்களுக்குத் தெரியும். எங்கே ஏமாற்றுவார்கள் என்றும் தெரியும். எங்களுக்கு அப்படி ஒருவர்தான் தேவை.

அந்த இடத்தில் நான் தலையாட்டியிருந்தால் வேலை கிடைத்திருக்கும். தலையாட்டத்தான் போனேன். கண் கிண்ணத்தின் மேல் விழுந்துவிட்டது. நீங்கள் சரக்கு வாங்கும்போது என்ன நிபந்தனை போடுகிறீர்கள் என்று கேட்டேன். சொன்னார்கள். பெரிதாக, பச்சையாக, புள்ளி இல்லாமல். புள்ளியில்லாத காய்க்கு அதிக விலை, புள்ளிக்காயைத் தொடவே மாட்டீர்கள், அப்படித்தானே என்றேன். ஆமாம் என்றார்கள். அந்தப் புள்ளி, எங்கள் ஊரில் சொறி என்பது, பூச்சி சுரண்டுவதால் வருவது, ருசிக்கும் வாசனைக்கும் அதனால் பெரிய குறை இல்லை, ஆனால் அது வராமல் தடுக்கத்தான் அவர்கள் மருந்துக்கு மேல் மருந்து அடிக்கிறார்கள் என்றேன். புள்ளி கூடாது என்று கேட்பதும் நீங்கள், மருந்து கூடாது என்று திருப்பி அனுப்புவதும் நீங்கள், இதில் ஏமாற்றுவது யார் என்று கேட்டுவிட்டேன். என் ஜெர்மன் அன்றைக்கு ஒரு பிழையும் இல்லாமல் வந்தது. மொழித்தேர்வில் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

சுவாரசியமான பார்வை என்றார்கள். இரண்டு நாளில் மின்னஞ்சல் வந்தது. உங்கள் போர்ட்ஃபோலியோ எங்களை மிகவும் கவர்ந்தது, எனினும். நட்பான வாழ்த்துகளுடன்.

அன்றைக்குச் சாயங்காலம் சமையலறைக்குப் போனேன். படத்தை எடுத்துவிடுகிறேன், அண்ணனிடம் சொல்லிவிடு என்று மீனாவிடம் சொன்னேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், கத்தியைக் கீழே வைத்தாள்.

“எடுக்குறதுன்னா அன்னைக்கே எடுத்துருக்கணும். இப்ப எடுத்தா எங்கண்ணன் கள்ளன்னு ஆகிப்போகும். அங்க போயி மூணு பேர்ட்டச் சொன்னீங்கள்ல, அத இங்க எழுதுங்க. பாதியச் சொல்லித்தான அவன் மூஞ்சில கரியப் பூசுனீங்க. மீதியையும் சொல்லுங்க.”

எனக்கு உறைத்தது. நடு மூட்டை, நடு மூட்டை என்று ஆலோசகரிடம் மார்தட்டிவிட்டு, நானும் மேல் காயைத்தான் பரப்பியிருந்தேன். உட்கார்ந்து எழுதினேன். இந்த லாட்டைத் திருப்பி அனுப்பியது சரி. மருந்து இருந்தது, நாளைக்கு வந்தாலும் திருப்புவேன். இதை அனுப்பியவர்களில் என் உறவினரும் உண்டு. அவர்கள் ஏன் அடித்தார்கள் என்றால், எங்கள் நிறுவனத்தின் கொள்முதல் நிபந்தனை புள்ளியில்லாத காயைக் கேட்டது. அந்த நிபந்தனையைப் படித்துவிட்டும் நான் வாய் திறக்கவில்லை. இனியா அதை மொழிபெயர்த்தாள். ஓர் இடத்தில் நிறுத்தி, “மாமாவ யாராச்சும் கேட்டாங்களா, ஏன் அடிக்கிறீங்கன்னு?” என்றாள். இல்லை என்றேன். அவள் அந்த வரியை இன்னும் கொஞ்சம் கூர்மையாக்கினாள்.

ஆலோசகர் அதைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்தார். வேலை கொடுக்கக்கூடியவர்களையே திட்டுகிற பக்கத்தை யார் பார்ப்பார்கள், தேதி நெருங்குகிறதே என்றார். அவர் கவலை உண்மையானது. தேதியை நானும்தான் தினம் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனாலும் எடுக்கவில்லை.

7

கூப்பிட்டது ஒரு சின்ன ஆலை. குழந்தைகளுக்கான கூழ்மாவு செய்கிறவர்கள். ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போய், பிறகு பஸ். ஆய்வகத்தை நடத்துகிற அம்மா என் பக்கத்தை அச்செடுத்து வைத்திருந்தார். திருப்பி அனுப்பிய லாட்டைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. கீழே தள்ளியிருந்தேனே, நான் தவறவிட்ட சரக்கு, அதை மட்டும் கேட்டார். எப்படித் தவறியது, எப்போது தெரிந்தது, முதலில் யாரிடம் சொன்னீர்கள். சொன்னேன். எங்களுடையது கைக்குழந்தை சாப்பிடுகிற பொருள், தவறே செய்யாதவர் என்று வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது என்றார். அடுத்த வாரம் ஒப்பந்தம் வந்தது. பழைய வேலையைவிடச் சின்னப் பதவி. ஆனாலும் வெளிநாட்டவர் அலுவலகம் அதை ஏற்றுக்கொண்டது. இம்முறை அவர்கள் நட்பை நான் கண்டுகொள்ளவில்லை.

‘நான் யார்?’ கட்டத்தை இனியா கடைசியில் நிரப்பினாள். இந்தத் தடவை முதலில் என்னிடம் கேட்டாள். போடிநாயக்கனூர்க்காரர், கோபக்காரர், தரம் பார்ப்பவர். அவ்வளவுதான் எழுதியிருக்கிறாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பாண்டி மட்டும் பேசவில்லை. வேலை கிடைத்ததை மீனா குரல்செய்தியில் சொன்னாள். கேட்டான், பதில் போடவில்லை. நான் எழுதிய மீதியை இனியா தமிழில் வாசித்துப் பதிந்து அவனுக்கு அனுப்பினாள். அவள் தமிழைக் கேட்டு ஊரே சிரித்திருக்கும். அதற்கும் பதில் இல்லை.

போன வாரம் அவனிடமிருந்து எனக்கு ஒரு படம் வந்தது. ஒரு வார்த்தை கிடையாது. ஸ்டோர் தரையில் ஒரு மூட்டை, வாயில் நீல நூல் தைத்தது தைத்தபடி இருக்கிறது. பக்கவாட்டில் கத்தியால் கீறி, நடுவிலிருந்து ஒரு பிடி காயை எடுத்து உள்ளங்கையில் காட்டியிருந்தான். காய் எல்லாம் சொறி. பழுப்புக் கோடும் தழும்புமாக, எந்த வியாபாரியும் இரண்டாவது தடவை பார்க்காத காய்.

உடனே கூப்பிட்டேன். எடுத்தான்.

“மேக்காட்டுல மட்டும் மருந்தக் கொறச்சுப் பாத்தேன்” என்றான். மற்ற இடத்தில் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறானாம். எல்லாவற்றிலும் குறைக்கத் தெம்பு இல்லையாம். இது ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்று கேட்டேன். அடிமாட்டு விலைக்கு என்றான். கூடவே ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னான். அது எனக்கா, வியாபாரிகளுக்கா, அந்தக் கண்ணாடிக் கிண்ணத்துக்காரர்களுக்கா என்று நான் கேட்கவில்லை. எல்லோருக்கும் அதில் பங்கு இருக்கிறது.

இந்தப் படத்தை என் பக்கத்தில் போடட்டுமா, நூலை மறைத்துவிட்டே போடுகிறேன் என்றேன்.

“மறைக்க வேணாம் மாப்ளே” என்றான். “பேரப் போட்டே போடு.”

போட்டிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் படமாக. போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.